வேண்டாம் என்பதற்கு ஐத்தா

காலை ஏழு இருபதுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. பாரிசில் அப்போது கோடை. கோடையில் எங்களுக்கும் தஹித்திக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால், சமையலறைச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்தே மகளின் நேரத்தையும் அறிந்துகொள்வேன். எனக்குக் காலை என்றால் அவளுக்கு மாலை. முட்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் நிற்கும். அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

அன்று தொலைபேசித் திரையில் அவள் தலைமுடியைக் கோதியபடி, மருத்துவமனையில் நடந்த ஏதோ ஒரு பகிடியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு பெண்குரல் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் கேள்விப்பட்டிராத பெயர். வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் மகள் திரும்பினாள்.

"ஏ, மாமா" என்று பதில் சொன்னாள்.

'ஏ' என்றால் ஓம். 'மாமா' என்றால் அவர்களுக்கு அம்மா. இந்த இரண்டையும் நான் பிறகுதான் படித்தேன். ஆனால் அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நானும் கணவரும் கோயிலில் வைத்து மூன்று முறை காதில் சொல்லி வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு அந்த மனுசி வேறு பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள். என் பிள்ளை அந்தப் பெயருக்குத் திரும்புகிறாள்.

"ஆரது கூப்பிட்டது?" என்றேன்.

"அவரின்ரை அம்மா. சாப்பிட வரட்டாம். நான் பிறகு எடுக்கிறன், என்ன?"

திரை கறுத்தது. அன்று வேலைக்குப் போகும்போது மெத்ரோவில் என் தரிப்பிடத்தைத் தவறவிட்டேன்.

நான் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் கன்தீனில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். அதற்கு இங்கே பெறுமதி இல்லை. சனிக்கிழமைகளில் மட்டும் லா சப்பலைச் சுற்றியுள்ள எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். எனக்கு ஒரே மகள். தாதியாகப் படித்தாள். பாரிஸ் மருத்துவமனைகளில் ஓடி ஓடிக் களைத்துப்போய், ஒரு வருட ஒப்பந்தத்தில் தஹித்திக்குப் போகிறேன் என்றாள். அதுவும் பிரான்ஸ்தானே, பிரெஞ்சுதானே என்று நான்தான் கணவரைச் சமாதானப்படுத்தினேன். ஒரு வருடம் முடிந்து இன்னொரு வருடம் எழுதிக் கொடுத்தாள். பிறகு தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை செய்யும் ஒருவனைப் பற்றிச் சொன்னாள். பிறகு மெரி என்கிற நகரசபையில் பதிவுத் திருமணம். அதை நாங்கள் தொலைபேசியில் பார்த்தோம். கையெழுத்துப் போடும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. படம் திரும்பி வந்தபோது என் மகளின் கழுத்தில் பூமாலை. பக்கத்தில் அவனுடைய தாய், ஒரு பெரிய மனுசி, பூப்போட்ட சட்டை, அகன்ற தோள், என் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அந்த மனுசியின் கை என் பிள்ளையின் கன்னத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் நான் விழுங்கினேன். என்னிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான். எந்தச் சண்டையிலும் எங்கள் ஆட்கள் மீறாத ஒழுங்கு அது. அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று சொன்ன அன்றே அவளுடைய பழைய அறையைக் கழுவித் துடைத்தேன். பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்கு எந்தக் கடையில் நல்லது என்று விசாரித்தேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் காலைக்குப் பிறகு வந்த அழைப்பில் மகள் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, அவை பிள்ளையை இஞ்சைதான் பெறச் சொல்லினம். நஞ்சுக்கொடியைத் தங்கடை காணியிலை தாட்டு, மேலை ஒரு மரம் நடுறது அவையின்ரை வழக்கமாம். மாமா இடமும் பாத்து வைச்சிருக்கிறா."

"நீ என்ன சொன்னனீ?"

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

காணியை அவர்கள் 'ஃபெனுஅ' என்பார்கள். நாட்டுக்கும் அதே சொல்தான். ஐந்தாம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில், இரண்டு அறை வீட்டில் இருக்கிற நான் எதைத் தோண்டுவது? பூச்சாடியையா? ஊரில் இருந்த காணி என்ன கதியில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதைத்தான் அந்த மனுசி கண்டுபிடித்து அடித்தாள் என்று நினைத்தேன். ஒரு தாயிடம் இல்லாத ஒன்றைப் பார்த்து அதைக் காட்டிப் பிள்ளையை இழுக்கிறாள்.

அன்றைக்குத்தான் அந்த மொழியைப் படிப்பது என்று முடிவெடுத்தேன். பாசத்தால் இல்லை. என்னைப் பற்றி என் பிள்ளைக்கு முன்னால் என்ன பேசுகிறார்கள் என்று விளங்கவேண்டும். ஒருநாள் அந்த மனுசிக்கு முன்னால் நின்று, மொழிபெயர்க்க நடுவில் யாருமில்லாமல், முகத்துக்கு நேரே கேட்கவேண்டும்.

மொழி படிப்பிக்கிறவளுக்குப் படிக்கவும் தெரியும். மெத்ரோவில் காதில் போட்டுக் கேட்பேன். கன்தீனில் தட்டுக் கழுவும்போது முணுமுணுப்பேன். காலையில் 'இயோரானா'. நன்றிக்கு 'மாவுரூரு'. வேண்டாம், இல்லை இரண்டுக்கும் 'ஐத்தா'. பரவாயில்லை என்பதற்கு 'ஐத்தா பெஅபெஅ'. அலுத்துப்போய், மனம் விட்டுப்போய், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று இருக்கிற நிலைக்கு 'ஃபியூ' என்று ஒரு சின்னச் சொல். வீட்டுக்கு முன்னால் போகிறவரை, தெரிந்தவரோ தெரியாதவரோ, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுவதற்கு 'ஹாஏரே மாய், தாமாஅ'. அதைச் சட்டென்று தாண்டிப்போனேன். எனக்கு அது தேவைப்படாது.

அந்த மொழியில் 'க' இல்லை, 'ச' இல்லை, 'ல' இல்லை. என் மகளின் பெயரில் இவை எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் வேறு பெயர் வைத்தாளோ என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த எண்ணத்தைத் துரத்தினேன். அவர்கள் பிரெஞ்சு பேசுகிறவர்கள். நாக்கு வளைய மனம் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தேவையான சொற்களைத் தேடித் தேடி எடுத்தேன். வெட்கம் என்பதற்கு 'ஹாஅமா'. களவுக்கு 'எஇயா'. இரண்டையும் உருட்டி உருட்டிச் சொல்லிப் பார்ப்பேன். கடைசியில் ஒரு முழு வசனத்தைக் கட்டினேன். 'ஆ ஃபாஅஹோஇ மாய் இ தாஉ தமாஹினே.' என் மகளைத் திருப்பித் தா. அதைச் சொல்லும்போது குரல் நடுங்கக்கூடாது என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பழகினேன்.

கணவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"இஞ்சரும், ஆரோடை உள்ளுக்கை சண்டை பிடிக்கிறீர்?"

"சண்டை இல்லை. படிக்கிறன்."

"முந்தநாள் 'பேயா பேயா' எண்டு ஏதோ சொன்னீர். அது நான்தானோ?"

"அது பரவாயில்லை எண்டு அர்த்தம்."

"உம்மடை வாயிலை வரேக்கை அப்பிடிக் கேக்கேல்லை" என்றார்.

அவருக்கு எல்லாம் பகிடி. பெண் பிள்ளை எங்கேயாவது சந்தோசமாக இருந்தால் போதும் என்கிற மனிதர். அந்தச் சந்தோசத்தை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவர் யோசிப்பதில்லை.

அந்த மாதத்திலேயே செய்தி வந்தது. மகளும் மாமியாரும் பாரிசுக்கு வருகிறார்கள். மருமகனுக்குக் கப்பலில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளை பிறக்கமுதல் என்னை நேரில் காணவேண்டும் என்று அந்த மனுசிதான் வற்புறுத்தினாளாம். எங்கே பெறுவது என்பதை இரண்டு தாய்மாரும் இருந்து பேசி முடிப்பார்கள் என்றாள் மகள். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் அவர்களுடைய உறவுக்காரி ஒருத்தி விமான நிலையத்தில் வேலை செய்கிறாள், அவளுடைய வீட்டில் தங்குகிறார்கள்.

"உன்ரை வீடு இஞ்சை இருக்குப் பிள்ளை."

"மாமாவைத் தனிய விட்டிட்டு எப்பிடியம்மா வாறது? நீங்களும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை அங்கை மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கோ."

அவர்கள் வந்து இறங்கிய செய்தி எனக்கு மகளிடமிருந்து வருவதற்கு முன்பே எங்கள் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் கிடைத்தது. அங்கே மரக்கறிக் கடை வைத்திருக்கும் பெண் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைச் சேர்ந்தவள். அவளுடைய தமக்கையின் பிள்ளையான பெறாமகனை என் மகளுக்குக் கேட்டு வந்தபோது, தீவாரோடு எங்களுக்குச் சம்பந்தம் சரிவராது என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அதை அவள் மறக்கவில்லை. என்னைக் கண்டதும் தராசை விட்டுவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அக்கா, நேற்றுப் பூச்சட்டை போட்ட ஒரு பெரிய மனுசி வந்தவ. இருந்த ஈரப்பலாக்காய் முழுக்க அள்ளிக்கொண்டு போட்டா. போகேக்கை 'மாவுரூரு' எண்டு சொன்னா. உங்கடை சம்பந்திதானே?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதோ? உங்கடை மகளும் கூட நிண்டவ. நல்லா வயிறு தெரியுது, கண்ணூறு படாமல் பாருங்கோ." பிறகு பச்சைமிளகாயை எனக்கு அள்ளிப் போட்டபடியே சொன்னாள்: "எங்கடை தீவு கிட்ட எண்டுதானே அக்கா உங்களுக்குப் பிடிக்கேல்லை? தூரத்துத் தீவாய்ப் பாத்துக் குடுத்திட்டியள்."

கடையில் நின்ற இரண்டு பெண்கள் முருங்கைக்காயைப் பார்ப்பதுபோலத் திரும்பிச் சிரித்தார்கள். நான் மிளகாயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் மகள் நின்றிருக்கிறாள். அந்த மனுசிக்குக் காய் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். படியேறி வரவில்லை. களைப்பாக இருந்தது, ஐந்து மாடி ஏற ஏலவில்லை என்று பிறகு சொன்னாள். அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அன்று உண்மை தேவைப்படவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழி வாங்கும் முறை உண்டு. அதற்குக் கத்தவேண்டாம், கை ஓங்கவேண்டாம். கூப்பிட்ட வீட்டுக்குப் போவது. நல்ல உடுப்பு உடுத்துப் போவது. கொடுத்த கதிரையில் இருப்பது. வைத்ததில் ஒன்றையும் தொடாமல் எழும்பி வருவது. 'அந்த வீட்டிலை நான் பச்சைத்தண்ணியும் வாயிலை வைக்கேல்லை' என்று சொன்னால், அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவே பேச ஒன்றுமில்லை என்று ஊருக்கே விளங்கும். என் மாமா ஒருவர் வேலிச் சண்டையொன்றுக்காகத் தன் சொந்தத் தங்கையின் கலியாணவீட்டில் அப்படி இருந்து எழும்பி வந்தார். சாகும்வரை அதைப் பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடமுதல் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கணவரையும் சாப்பிடச் சொன்னேன்.

"விருந்துக்குப் போறதுக்கு ஏன் சாப்பிடுவான்?"

"அங்கை நாங்கள் கை நனைக்கப் போறேல்லை."

"நாங்களோ, நீரோ?"

"நாங்கள்."

ஆர்.ஈ.ஆர். டி ரயிலில் அவர் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். நான் என் வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

உறவுக்காரி கதவைத் திறந்துவிட்டு, வேலைக்குப் போகிற அவசரத்தில் எங்களைக் கடந்து இறங்கிப் போனாள். உள்ளே மகள் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் வயிறு எனக்கும் அவளுக்கும் நடுவே முட்டியது. அந்த ஒரு கணம் நான் எதற்காக வந்தேன் என்பதை மறந்தேன். பிறகு அந்த மனுசி சமையலறையிலிருந்து வந்தாள். என்னைவிட ஒரு தலை உயரம். கையைத் துடைத்துக்கொண்டு, "இயோரானா" என்றாள். இரண்டு கன்னத்திலும் முத்தமிடக் குனிந்தாள். நான் கையைக் கூப்பினேன். அவள் நிமிர்ந்தாள். பிறகு அவளும் கையைக் கூப்பினாள்.

மேசை நிறையச் சாப்பாடு. ஈரப்பலாக்காய் சுட்டது. சோறு. தேசிக்காய்ப் புளியிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறிய பச்சை மீன். வாழைப்பழத்தில் செய்த ஏதோ இனிப்புக் களி. அந்த மனுசி கண்ணை மூடி நீண்ட நேரம் செபம் சொன்னாள். அதில் என் மகளின் புதுப் பெயர் இரண்டு தரம் வந்தது. முடிந்ததும் என் தட்டில் அவளே பரிமாறினாள். எல்லாவற்றிலும் நல்ல துண்டை எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு, "தாமாஅ" என்றாள். சாப்பிடுங்கள்.

"ஐத்தா, மாவுரூரு" என்றேன். வேண்டாம், நன்றி.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்து எதையோ வேகமாகச் சொன்னாள். எங்கள் மொழியைப் படித்திருக்கிறாளே என்பதாக இருக்கும். மகளுக்கும் ஆச்சரியம்.

"எப்ப அம்மா படிச்சனீங்கள்?"

"படிச்சன்."

"சரி, ஒரு வாய் சாப்பிடுங்கோவன்."

"பசிக்கேல்லை."

"தேங்காய்ப்பால் விட்டிருக்கினமப்பா, எங்கடை ஆக்கள்தான்" என்று கணவர் மெதுவாகச் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றினாள். ஐத்தா. பழச்சாறு. ஐத்தா. கோப்பி. ஐத்தா. ஒவ்வொரு தரமும் அவள் முகத்திலிருந்து ஒரு விளக்கு அணைவதைப் பார்த்தேன். சொல்லாமல் என்ன, எனக்கு அது இனித்தது. இப்போதும் அந்த இனிப்பு நாக்கில் இருக்கிறது. யாருடைய தட்டிலும் கை படவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை, என் மகளும் சாப்பிடவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவயதில் நான் தண்டித்து மூலையில் நிறுத்தினால், அழாமல் என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கன்தீனில் இருநூறு பிள்ளைகளுக்குள் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் தட்டைக் கிளறுகிறது என்று தூர நின்றே சொல்லிவிடுவேன். அன்று என் கண் அந்த மனுசியின் முகத்தைவிட்டு விலகவில்லை.

மீன் குளிர்விட்டு வாடியது. தேங்காய்ப்பாலில் எண்ணெய் மிதந்தது. நான் எழும்பினேன். பழகிய வசனத்தைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. "ஆ ஃபாஅஹோஇ மாய் இ தாஉ தமாஹினே." அதற்குப் பின்னால் அந்தக் களவுச் சொல்லையும் சேர்த்தேன்.

அந்த மனுசி எழும்பினாள். ஒரு துணியை எடுத்து மேசையில் இருந்த சாப்பாட்டை மூடினாள். பிரேதத்தை மூடுவதுபோல மெதுவாக, ஓரங்களை இழுத்துவிட்டு மூடினாள்.

நாங்கள் படியிறங்கும்போது மகள் பின்னால் வந்தாள். இரண்டாவது வளைவில் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். உதடு வெள்ளை. நெற்றியில் வேர்வை. கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது.

"பிள்ளை! என்னடா செய்யுது?"

"அவையின்ரை வீட்டிலை விருந்தாளி வாய் வைக்காமல் ஒருத்தரும் சாப்பிடுறேல்லை அம்மா. நீங்கள் வருவியள் எண்டு விடியத்தொடக்கம் நானும் மாமாவும் ஒண்டும் சாப்பிடேல்லை."

"உனக்கென்ன விசரோ? வயித்திலை பிள்ளையோடை..."

"ஒரு வாய் வைப்பியள் எண்டு பாத்தன். கடைசிமட்டும் பாத்தன்."

மேலேயிருந்து கனமான காலடி இறங்கி வந்தது. அந்த மனுசி என்னைத் தள்ளவில்லை, ஆனால் நான் விலகினேன். அவள் படியில் குந்தி, என் பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்து, கொண்டுவந்த இனிப்புக் களியை விரலால் எடுத்து ஊட்டினாள். என் மகள் வாயைத் திறந்தாள். என் கண் முன்னால், அவளுடைய விரலிலிருந்து, குஞ்சுபோல வாங்கி வாங்கித் தின்றாள். என் கை இரண்டும் சும்மா தொங்கின. நான் பயந்துபோனது உண்மை. அந்தப் பயத்துக்குள்ளும் நான் அந்த விரலை வெறுத்தேன் என்பதும் உண்மை.

நிறம் திரும்பியதும் மகள் சொன்னாள்: "போங்கோ அம்மா. ஃபியூ." அதை எனக்கு மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை. படித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. குழந்தை அசைகிறதா, வைத்தியரைப் பார்த்தார்களா, ஒன்றும் தெரியாது. கணவருக்கு மட்டும் 'நலம்' என்று ஒரு சொல் அனுப்பியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக விமானம். போனால் பிள்ளை அங்கேதான் பிறக்கும், அந்த மண்ணுக்கு மேலே மரம் நிற்கும், என் பேரப்பிள்ளையை நான் கண்ணாடித் திரையில்தான் காண்பேன்.

"வெற்றி உமக்குத்தான்" என்றார் கணவர். "பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை. சொல்லித் திரியலாம்."

"உங்களுக்கு வாயைத் திறக்க இப்பதான் நேரம் வந்ததோ?"

"மீனையாவது நான் திண்டிருக்கவேணும். பயத்திலை விட்டிட்டன். வாற பிறப்பிலையும் அந்தப் பிள்ளை என்னை மன்னியாது." அவர் அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் கன்தீனில் பிள்ளைகளின் தட்டையே பார்த்தேன். ஒரு பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டு இருந்தால் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அது தின்னும்வரை நகரவில்லை. மேற்பார்வைப் பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் படிவளைவும் அந்த வெள்ளை உதடும் வந்துவிடும். அவை வந்தால் பின்னாலேயே அந்த விரலும் வரும். மகளுக்காக ஏங்கினேன், அந்த மனுசிமீது கறுவினேன். இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் கணவர். அந்த மொழியில் மன்னிப்புக்கு என்ன சொல் என்று நான் தேடிப்பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை தமிழ் வகுப்பை முடித்துவிட்டு வந்து உலை வைத்தேன். எதற்கு என்று தெரியாது. சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. எல்லாம் மகளுக்குப் பிடித்தவை. மறுநாள் விமானம் ஏறுகிறவளுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் யோசிக்கவில்லை. சொதிக்குத் தேசிக்காய் பிழியும்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. யாரோ கனமான ஒன்றை ஒவ்வொரு படியாக வைத்து வைத்து ஏற்றுகிறார்கள். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். திரும்பவும் ஏற்றுகிறார்கள். எங்கள் மாடிக்கு மேலே மாடி இல்லை.

கணவர் போய்க் கதவைத் திறந்தார்.

மகளின் ஊதாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மனுசி நின்றாள். முகம் முழுக்க வேர்வை. அவளுடைய மற்றக் கையைப் பிடித்தபடி என் மகள் நின்றாள். முகம் மெலிந்திருந்தது. அழுது வீங்கிய கண். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தனக்கு ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை, அம்மாவின் சொதி என்றே கேட்டுக்கொண்டிருந்ததாக மகள் பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

அந்த மனுசி பெட்டியை வாசற்படிக்கு உள்ளே வைத்தாள். மகளின் முதுகில் கையை வைத்து அவளையும் உள்ளே விட்டாள். தான் வெளியே நின்றாள். ஐந்து மாடி ஏறி வந்த மனிதரை வாசலில் நிறுத்திவைக்க எனக்குப் பழக்கமில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியுமுன்னே, நான் படிக்காமல் தாண்டிப்போன அந்தச் சொல் என் வாயில் வந்துவிட்டது.

"ஹாஏரே மாய்" என்றேன். "தாமாஅ."

"ஐத்தா" என்றாள் அவள்.

பிறகு என்னை நேரே பார்த்து, தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். பாடமாக்கி வந்திருந்தாள். யாரிடம் பாடமாக்கினாள் என்று நான் கேட்கவேண்டியதில்லை. என் மகள் தலையைக் குனிந்தபடி நின்றாள். அந்த மனுசி எங்கே நின்று பழகினாளோ, எந்தக் கண்ணாடிக்கு முன்னாலோ, அவளுடைய குரலும் நடுங்கவில்லை.

"பிள்ளை பிறக்குமட்டும் இவ இஞ்சை இருக்கட்டும். சாப்பாடு குடுங்கோ" என்றாள். "எனக்குப் பச்சைத்தண்ணியும் வேண்டாம்."